ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் கெடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறீர்கள். பையனுக்கு 17 வயது, பியூசி இரண்டாம் வருஷம் (பிளஸ் டூ), ஒரு கால்பந்து கிளப்பில் டிஃபெண்டராக ஆடுகிறான். வாரம் முழுக்க பிராக்டிஸ், சனிக்கிழமை ராத்திரி செயற்கைப் புல் டர்ஃபில் டோர்னமென்ட், ஞாயிற்றுக்கிழமை காலையாவது தூங்குவான் என்று பார்த்தால் பக்கத்து ஏரியாப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுகிறான். "பெரிய ஆளானவர்கள் சேவை செய்தால் சரி, இவன் இன்னும் ஒன்றுமே ஆகவில்லையே, இப்போதே ஊருக்கு உழைத்தால் ஆட்டம் கெடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், இடது முட்டி வலிக்கிறது என்கிறான் என்று ஒரு வரி. எனக்குப் படுவது, இது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. இந்தப் பந்தை நம்பி இவன் எங்கே போய் நிற்பான், பந்து கைவிட்டால் இவனிடம் என்ன மிஞ்சும் என்ற கவலை அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் யார் என்று தெரிந்தால்தான் என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூரு லீக்கில் 16 வருஷம் ஆடியவன், அதில் பெரும்பகுதி ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அணிக்கு. ஆட்டத்தை விட்ட பிறகு 20 வருஷத்துக்கும் மேலாக எங்கள் பேட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் முடித்திருக்கிறேன். டாக்டர் இல்லை. பெண் பிள்ளைகள் அணியைத் தனியாகப் பயிற்றுவித்த அனுபவமும் இல்லை. நான் சொல்வதெல்லாம் கிரவுண்டில் நின்று பார்த்தது, கொஞ்சம் படித்தது.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதால் எந்தப் பையனின் ஆட்டமும் கெட்டு நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை ராத்திரியால் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு நம் பசங்களின் காலைத் தின்பது இந்த ராத்திரி டர்ஃப்தான். ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ், பரிசுப் பணத்துக்கு. பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை இரண்டு மூன்று வரை இழுக்கும். ஒரு மேட்ச் 15, 20 நிமிஷம், அப்புறம் ஒரு மணி நேரம் ஓரத்தில் உட்கார்ந்து பப்ஸும் கூல்டிரிங்க்ஸும், உடம்பு ஆறிப்போயிருக்கும்போது "டேய், நம்ம மேட்ச் டா" என்று கூப்பிட்டதும் அப்படியே இறங்குவது. கீழே சிமெண்டோ கெட்டிப்பட்ட தரையோ, மேலே மெல்லிசாக ஒரு செயற்கைப் புல். அதில் சட்டென்று திரும்பும்போது ஷூவின் அடியில் இருக்கும் ஸ்டட் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும், முட்டி நடுவில் மாட்டும். தூக்கமும் போச்சு. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள், இவர்களுக்கு அன்றைக்கு நாலு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

இளம் ஆட்டக்காரர்களைக் கவனிக்கும் விளையாட்டு மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு வாரத்தில் விளையாடும் மொத்த மணி நேரம் பையனின் வயதைத் தாண்டக் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது உடம்புக்கு முழு ஓய்வு வேண்டும். உங்கள் பையன் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் இரண்டு மணி நேரம் பிராக்டிஸ், அது 10. ஒரு லீக் மேட்ச், வார்ம்-அப்போடு சேர்த்து 2. ராத்திரி டர்ஃப் வாரத்துக்கு இரண்டு தரம் என்றால் அதிலேயே 5, 6. பதினேழு, பதினெட்டு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் எழுதவே இல்லை. அன்றைக்கு அவன் விசிலோடு நிற்கிறான், கோன் வைக்கிறான், ஷூ லேஸ் கட்டிவிடுகிறான். அதில் காலுக்குப் பெரிய சுமை இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து தானும் முழு வேகத்தில் ஓடினால்தான் சுமை, அதைச் செய்யாதே என்று சொல்லலாம். ஆக, எதையாவது வெட்ட வேண்டும் என்றால் ராத்திரியை வெட்டுங்கள். அவன் ஒத்துக்கொள்ளமாட்டான், ஏனென்றால் அங்கே கையில் காசு வருகிறது. அந்தக் காசு எவ்வளவு, எதற்கு என்று சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு ஜோடி ஷூவுக்காக இருக்கும்.

இனி சேவை. "ஒன்றும் ஆகாதவன் எதற்குச் சேவை செய்ய வேண்டும்" என்ற இடத்தில்தான் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. இந்த ஊரில் கால்பந்து வளர்ந்ததே ஒன்றும் ஆகாதவர்களால்தான். நீங்கள் இருக்கும் அல்சூரிலிருந்து நடக்கிற தூரத்தில் கௌதமபுரம் இருக்கிறது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். உலகக் கோப்பை வந்தால் தெரு முழுக்கப் பிரேசில் கொடி. 1977-இல் பெலே கல்கத்தாவுக்கு வந்து மோகன் பகான் கிளப்போடு ஆடி 2–2 என்று முடிந்தபோது எனக்கு 9 வயது, அந்த மேட்சை யாரும் நேரில் பார்க்காமலே பேட்டை முழுக்க ஒரு மாசம் அதையே பேசினார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்இஜி ராணுவப் படைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், மில்லுக்கும் ஆலைகளுக்கும் வந்தவர்கள், கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள் என்று கன்டோன்மென்ட் பக்கம் நம் ஆட்கள் குடியேறிய இடமெல்லாம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா எல்லாம், பந்து உருண்ட இடம்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தது பெங்களூருவின் சாரங்கபாணி ராமன். நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி 2–1 என்று தோற்ற மேட்ச் அது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியில் அருமைநாயகமும் எத்திராஜும் இருந்தார்கள். அப்புறம் ஆஸ்டின் டவுனின் கார்ல்டன் சாப்மன், 1993-இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக ஈராக்கின் அல் ஜவ்ரா கிளப்புக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர், பின்னால் இந்திய அணிக்குக் கேப்டனானவர். ஆட்டம் முடிந்த பிறகும் அவர் பயிற்சியாளராகப் பிள்ளைகளோடுதான் இருந்தார், 2020 அக்டோபரில் 49 வயதில் போய்விட்டார்.

இவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவர்களை முதலில் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. எங்களுக்கு ஒருவர் இருந்தார், ஐடிஐ டெலிஃபோன் ஆலையில் ஃபிட்டர், எல்லோருக்கும் அவர் அண்ணாதான். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் நேராகக் கிரவுண்டுக்கு வருவார், கேரியரில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு பந்து, காற்றடிக்கும் பம்பு, கோணி ஊசி, மெழுகு தேய்த்த நூல். அன்றைக்கெல்லாம் தோல் பந்து, உள்ளே காற்றடைக்கும் பிளாடர். தையல் விட்டுப்போனால் புதுப் பந்துக்கு யாரிடம் காசு? கல் மேல் உட்கார்ந்து, பந்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசி பிளாடரில் படாமல் ஒவ்வொரு தையலாக இழுப்பார். கடைசித் தையலில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பந்தை ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் காற்று இறங்குகிறதா என்று கேட்பார். நாங்கள் மூச்சுவிடாமல் சுற்றி நிற்போம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கோல் லைனில் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, அந்தப் பக்கக் கோல் வரை குனிந்துகொண்டே நடக்க வேண்டும். கல், பாட்டில் துண்டு, ஆணி, எது கிடைத்தாலும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய டிவிஷனில் ஆடுகிறவன் வந்தாலும் அவனும் அந்த வரிசையில்தான். 47 வருஷம் ஆகிறது, இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளை அப்படித்தான் நடக்க வைக்கிறேன். "சேவை" என்ற வார்த்தையை அந்த அண்ணா ஒருநாளும் சொன்னதில்லை. கிரவுண்டுக்கு வந்தால் கல் பொறுக்க வேண்டும், தனக்குத் தெரிந்ததைச் சின்னவனுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பையன் செய்வதும் அதுதான், யாரோ ஒரு பெரியவன் அவனுக்கு அப்படிச் செய்திருப்பான்.

சொல்லிக்கொடுப்பதால் ஆட்டம் நன்றாகுமா என்று கேட்டால், ஆகும் என்று நம்புகிறேன், நிரூபிக்க முடியாது. என் கையில் இருப்பது பார்த்த உதாரணங்கள்தான். எங்களிடம் ஒரு பையன், உங்கள் பையனைப் போலவே டிஃபெண்டர், நல்ல உயரம், ஹெட்டிங் பிரமாதம், ஆனால் மைதானத்தில் வாயே திறக்கமாட்டான். பின்னால் நிற்கிறவன் பேசாவிட்டால் அணி குருடுதான், ஏனென்றால் முழு கிரவுண்டும் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், கீப்பரைத் தவிர. எவ்வளவு திட்டினாலும் பேச்சு வரவில்லை. 10 வயதுக்குள் உள்ள பிள்ளைகளை அவனிடம் கொடுத்தேன். அவர்களிடம் பேசாமல் என்ன செய்வான்? தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு என்று ஆளுக்கொரு பாஷை. "லெஃப்ட் பாரு, விடாதே, வெளியே தள்ளு" என்று ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன வார்த்தையாக உடைத்துக் கத்த வேண்டியிருந்தது. ஆறு மாசத்தில் அதே வார்த்தைகள் அவனுடைய சொந்த மேட்சில் வாயில் வர ஆரம்பித்தன. எதிரணி ஆளை ஆஃப்சைடில் மாட்டவைக்க டிஃபெண்டர்கள் எப்போது சேர்ந்து முன்னால் ஏற வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தவனுக்கு அது உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவன் வயது ஏறியதால் தானாகவே பேச ஆரம்பித்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு டிஃபெண்டர்கள் எல்லோரையும் ஒருமுறையாவது சின்னப் பிள்ளைகளிடம் விட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று, சொல்லிக்கொடுக்கப் போகிறவன் கண்ணுக்கு வேறு விஷயங்கள் தெரிய ஆரம்பிக்கும். ஒரு ஞாயிறு காலை எங்கள் சின்னக் கீப்பர், 11 வயது, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்துவிட்டான். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தோம். எங்கள் பெரிய பசங்களில் ஒருவன்தான் அவன் பக்கத்தில் குனிந்து ரகசியமாக, "ராத்திரி என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பள்ளி அரை நாள், மதியம் பள்ளியில் சாப்பிட்டதுதான், அம்மாவுக்கு வீட்டு வேலைச் சம்பளம் வரவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, 17 வயதுப் பையனுக்குத் தோன்றியது, ஏனென்றால் அவனும் ஒரு காலத்தில் அப்படி வந்தவன். அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு கைப்பிடி ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு வாழைப்பழம், அது சாப்பிட்ட பிறகுதான் பந்து. யார் பசியோடு வந்தான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் உண்டு. 2020-இல் இங்கிலாந்தில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக அரசாங்கத்தையே முடிவை மாற்றவைத்தார், அவரும் சின்ன வயதில் பசியைப் பார்த்தவர் என்பதால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பலம். அது உலகம் பார்த்தது. வாழைப்பழம் ஒரு கிரவுண்டு மட்டும் பார்த்தது. இரண்டும் ஒரே ஜாதி வேலை என்பது என் எண்ணம்.

அதே வருஷம் ஊரடங்கில் இந்த வித்தியாசத்தை நன்றாகப் பார்த்தேன். அரிசியும் பருப்பும் கொடுக்க நிறையப் பேர் முன்வந்தார்கள், ஆனால் எந்தச் சந்தில் எந்த வீட்டுக்கு நிஜமாகவே வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பசங்களுக்குத் தெரியும், கூட ஆடுகிற பிள்ளைகளின் வீடுகள் அல்லவா. ஒரு பழைய டீம் ஷீட் நோட்டில் சந்து சந்தாக எழுதினார்கள், கதவைத் தட்டினால் வெட்கப்படுவார்கள், இந்த வீட்டுக்கு ராத்திரி போக வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு வேறு. பெரிய ஆட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இந்திய அணிக்கு ஆடிய, நம் பெங்களூரு எஃப்சியிலும் ஆடிய சி.கே. வினீத் சொந்த ஊரான கண்ணூரில் கொரோனா உதவி மையத்தில் உட்கார்ந்து வருகிற போன்களுக்கெல்லாம் பதில் சொன்னார். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், இந்திய அணியின் மிட்ஃபீல்டர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், ஊரடங்கின்போது சென்னையில் தெருவில் நின்று டியூட்டி பார்த்தார். 2021-இல் இரண்டாம் அலையின்போது அன்றைய இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி தன் ட்விட்டர் கணக்கையே களத்தில் உதவி செய்துகொண்டிருந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டார், பல லட்சம் பேர் பார்க்கிற இடம் அது. ஒருவர் நேரத்தைக் கொடுத்தார், ஒருவர் வேலையாகவே செய்தார், ஒருவர் தன் பெயரைக் கொடுத்தார். உங்கள் பையனிடம் இப்போது இருப்பது நேரமும் நாலு சந்து தெரிந்த அறிவும், அதைக் கொடுக்கிறான்.

இனி சோறு. இதில் பூசி மெழுகமாட்டேன். கால்பந்து மட்டும் ஆடி வாழ்க்கையை ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் ரொம்பக் கொஞ்சம் பேர். ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் கிடைத்துவிட்டால் கவலை இல்லை என்று பசங்கள் நினைக்கிறார்கள். 2025-இல் லீக் நடத்தும் ஒப்பந்தம் இழுபறியானதில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சியே முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தது. இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை இரண்டு தரம், ஐஎஸ்எல்லை ஒரு தரம் ஜெயித்த கிளப்புக்கே அந்த நிலை. எங்கள் காலத்தில் விமானம் செய்யும் எச்ஏஎல், ஐடிஐ மாதிரி ஆலைகள் பந்துக்காகவே ஆள் எடுத்தன, ஆடி முடித்த பிறகும் மாசச் சம்பளம் வந்தது. அந்தக் கதவு இன்றைக்கு ரொம்பவே குறுகிவிட்டது. எச்ஏஎல் அணி 2011–12 வரை ஐ-லீக்கில் இருந்தது, அதற்கு மேல் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தாலும் சிக்கல் உண்டு, வினீத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், கிளப்புக்கும் நாட்டுக்கும் ஆடப் போனதில் வருகைப்பதிவு போதவில்லை என்று 2017-இல் அவருடைய ஏஜி ஆபீஸ் (அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம்) வேலை போனது. அதனால் பியூசியை முடிக்கட்டும், டிகிரியில் சேரட்டும், இதில் பேரம் வேண்டாம். நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3–2 என்று வென்று கர்நாடகா 54 வருஷத்துக்குப் பிறகு மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியைக் கொண்டுவந்தது, மைசூர் என்ற பெயரில் 1968–69-இல் ஜெயித்ததற்குப் பிறகு அதுதான். ஆட இடம் இருக்கிறது, அதை நம்பிக் கடன் வாங்கும் அளவுக்கு இல்லை.

பந்து போன பிறகு என்ன மிஞ்சும் என்பதற்கு, என்னோடு ஆடியவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். ஆட்டத்தை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு 33, 34 வயதில் ஒரு பள்ளம் வந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்வது என்றே தெரியாத பள்ளம். சிலர் குடியில் விழுந்தார்கள், அந்தப் பெயர்களை எழுத எனக்கு மனசு வரவில்லை. சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நாலு மணிக்குப் போக ஒரு இடம் இருந்தது. சிலருக்கு அதுவே தொழிலும் ஆனது, பள்ளியில் பிடி மாஸ்டர், அகாடமியில் பயிற்சியாளர். உங்கள் பையனுக்கு 18 முடிந்ததும் டி லைசென்ஸ் கோர்ஸைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நின்ற அனுபவம் அங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

இவ்வளவு சொன்னதால் சேவை என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்தல் நேரத்தில் ஜெர்ஸியும் பந்தும் கொடுத்து, ஜெர்ஸியில் தன் முகத்தைப் போட்டு, அப்புறம் பைக் ஊர்வலத்துக்குப் பசங்களைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அங்கே போக வேண்டாம், ஒரு கேஸ் விழுந்தால் வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இடிக்கும். ரத்ததானம் 18 வயதுக்கு மேல்தான், அதுவும் மேட்ச் வாரத்தில் வேண்டாம். எங்கள் அணியில் ஒருவர் சனிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு ஞாயிறு ஆடினார், இடைவேளைக்கு முன்னாலேயே கால் துவண்டு கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தோம். ஆஃப் சீசனில் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முக்கியமாக, 17 வயதுப் பையன் தனியாக இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடாது. கிரவுண்டில் பெரியவர் ஒருவர், முடிந்தால் இரண்டு பேர், கட்டாயம் இருக்க வேண்டும், பிள்ளைகளின் பெற்றோர் நம்பர் கையில் இருக்க வேண்டும், தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மறுபடி ஆடவிடக் கூடாது. இது அவனுக்கும் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஒரு ஞாயிறு நீங்களே போய்ப் பாருங்கள், யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் அப்போது நிறுத்துங்கள், அது நியாயமான காரணம்.

அங்கே இருக்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள், வார்ம்-அப் செய்கிறார்களா என்று. ஃபிஃபா 11+ என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, 20 நிமிஷம், எந்தச் சாமானும் வேண்டாம், ஒற்றைக்காலில் நிற்பது, ஸ்குவாட், குதித்துச் சரியாகக் கால் ஊன்றுவது மாதிரி. வாரத்துக்கு இரண்டு தரமாவது ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது சந்தேகமில்லாத விஷயம். பசங்களுக்குச் சலிப்பாக இருக்கும், இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் மட்டும் விட முடியாது, அவர்கள் முன்னால் அவன்தானே செய்து காட்ட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிய அந்த முட்டி. எனக்கு 27 வயதில் ஒரு மேட்சில் முட்டி திரும்பியது. "சுளுக்குதான், பட்டை கட்டிக்கொள், அடுத்த வாரம் மேட்ச் இருக்கிறது" என்றார்கள், நானும் கேட்டேன். மூன்று மாசம் அப்படியே ஆடிய பிறகுதான் ஸ்கேன், அதற்குள் முட்டியின் லிகமென்ட் என்கிற தசைநாரோடு மெனிஸ்கஸ் என்கிற உள் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அப்புறமும் ஏழு வருஷம் ஆடினேன், ஆனால் அந்த வேகம் திரும்ப வரவில்லை, இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். அதனால் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். ஏதாவது மேட்சில் கால் திரும்பியதா? அப்போது உள்ளே "டப்" என்று சத்தம் கேட்ட மாதிரி இருந்ததா? அன்றைக்கே சில மணி நேரத்தில் வீங்கியதா? நடக்கும்போது முட்டி திடீரென்று நழுவுகிறதா, மடக்கினால் பூட்டிக்கொள்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பந்தைத் தொட வேண்டாம், இந்த வாரமே எலும்பு மூட்டு டாக்டரிடம் போங்கள், பட்டையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், யாரிடமும் இழுத்துவிடச் சொல்லவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லி, முட்டிச் சில்லுக்குக் கீழே மட்டும், குதிக்கும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் அதிகமாக ஆடியதால் வருகிற வலி அது. ராத்திரி டர்ஃபை நிறுத்தி, ஓட்டத்தைக் குறைத்து, இரண்டு வாரம் பாருங்கள், குறையவில்லை என்றால் ஒரு பிசியோவிடம் காட்டுங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரியில் வலித்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டர்தான். என்ன சொன்னான் என்று இங்கேயே எழுதுங்கள், ஞாயிறு மதியம் கிரவுண்டிலிருந்து வந்ததும் பார்க்கிறேன்.